ஆமென் வராத தை மாதம்

வல்லிமுனை மெதடிஸ்த தேவாலயத்தில், வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, உடன்படிக்கை ஆராதனையின் கடைசி ஜெபம் முடிந்த இடத்தில், நூற்று நாற்பத்து மூன்று பேரும் வழக்கம்போல ஒரே மூச்சில் வாயைத் திறந்தார்கள், ஆமென் வரவில்லை. இருமல் வந்தது, ஏப்பம் வந்தது, முன்வரிசைக் குணவதி அக்காவுக்கு விக்கல் வந்தது, ஆமென் மட்டும் வரவில்லை. பீடத்தில் நின்ற போதகர் றொபின்சன் பல் டாக்குத்தரிடம் போனவர் மாதிரி வாயைப் பிளந்தபடி சபையைப் பார்த்தார், சபையும் வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தது, வெளியே வேப்பமரத்துக் காகம் இரண்டு தரம் கத்தியது, பிறகு மண்டபத்தில் சுடச்சுடப் பொரித்து வைத்த பற்றீஸ் ஆறுகிறது என்று யாரோ ஞாபகப்படுத்த, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

சபையின் செயலாளர் ஜெயசிங்கத்துக்கு மட்டும் பற்றீஸ் தொண்டையால் இறங்கவில்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்து நாலு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கு ஊரில் ‘ஆமென் ஜெயசிங்கம்’ என்றுதான் பேர். அவர் சொல்லும் ஆமென் சந்தை தாண்டி அந்தோனியார் கோயில்வரை கேட்கும் என்பதும், அதைக் கேட்டுத்தான் கத்தோலிக்கர்கள் தங்கள் மணிக்கூட்டைச் சரிபார்க்கிறார்கள் என்பதும் அவருக்குள்ளே இருந்த சின்னப் பெருமை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. இருபத்திரண்டாம் திகதி மகள் ஷாமினிக்குக் கலியாணம். அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையாக, தகப்பன் பெண்ணின் தலையில் கைவைத்து ஜெபித்து, தன் வாயால் ஆமென் சொன்ன பிறகுதான் மணப்பெண் வாசற்படி தாண்டுவாள். அவருடைய தங்கச்சியின் கலியாணத்தன்று தகப்பனுக்குத் தொண்டை அடைத்து, சுக்குக் கஷாயம் குடித்து ஆமென் இறங்கும்வரை, தங்கச்சி முக்காட்டோடு இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

உடன்படிக்கை ஆராதனை தெரியாதவர்களுக்கு ஒரு சொல். மெதடிஸ்தக்காரர் வருடத்தில் ஒரு நாள் எழுந்து நின்று, இனி நாங்கள் எங்களுக்குச் சொந்தமில்லை, எந்த வேலையில் வேண்டுமென்றாலும் போடும், எவரோடு வேண்டுமென்றாலும் சேரும், வேண்டாமென்றால் மூலையில் வையும் என்று ஆண்டவரிடம் முழுசாக ஒப்புக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுப் படுப்பார்கள். வல்லிமுனையில் இதற்கு ஒரு படி மேலே போய், இன்னார் இன்ன ஊழியம் செய்வார் என்று பெயர் எழுதிய பட்டியல் ஒன்றைத் திருவிருந்து மேசையில் வைத்து, அதன்மேல்தான் அந்த ஜெபத்தைச் சொல்வது வழக்கம். சொன்ன பிறகு பட்டியல் அறிவித்தல் பலகைக்குப் போகும், பலகையில் வெயில் படும், வெயில் பட்டதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஊர் இந்த ஆமென் சமாசாரத்தை மழைக்காலத்தை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ஜெபம் பண்ணிய குடும்பங்கள், ஜெபம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி குழம்பை ஆறவிட்டன. ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிப் பார்த்தார்கள், அதுவும் பாதியில் நின்றது. ‘சரி’ என்று சொல்லிப் பார்த்தார்கள், அது வந்தது, ஆனால் ஆண்டவரிடம் போய்ச் சரி என்று சொல்வது கடைக்காரனிடம் சொல்வதுபோல இருக்கிறது என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பால்காரக் கந்தையா கைகொடுத்தார். பிள்ளையார் கோயிலுக்குத் தவறாமல் போகிற அவருக்கு ஆமென் சொல்வதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, காலையில் பால் ஊற்றும்போது, “ஜெபம் முடிஞ்சுதோ? ஆமென்,” என்று பதினாறு வீட்டில் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதிப்பார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் பூட்டாத கதவைச் சும்மா சாத்திவிட்டதுபோல ஜெபம் கொஞ்சம் திறந்தே கிடந்தது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

புதன்கிழமை ஊழியர் கூட்டம் கூடியது. மூன்று மணித்தியாலம் பேசி, ஆமென் வராததைப் பற்றி ஆராய ஐந்து பேர் கொண்ட உபகுழு ஒன்றை நியமித்து, அந்த உபகுழுவின் முதற் கூட்டத்தை மாசி மாதம் வைப்பதென்று தீர்மானித்து, கூட்டத்தை ஜெபத்தோடு முடிக்க எழுந்து நின்று, முடிக்கமுடியாமல் திரும்ப இருந்தார்கள். ஜெயசிங்கம் கூட்டக்குறிப்பில் ‘கூட்டம் முடிவுறவில்லை’ என்று எழுதினார்.

வியாழக்கிழமை குணவதி அக்கா, சுகமில்லாமல் கிடந்த தெரிந்தவர் ஒருவருக்குச் சுடுதண்ணிப் போத்தலைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவர், பக்கத்துக் கட்டிலில் கிடந்த, சொந்தக்காரர் யாரும் வராத ஒரு மனுசியின் நகங்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், தன் கைப்பையில் கிடந்த நகவெட்டியை எடுத்துப் பத்து விரல் நகத்தையும் வெட்டிவிட்டு, சுண்டுவிரல் நகத்துண்டை ஊதித் தள்ளினார். ஊதிய மூச்சோடு ஆமென் வந்தது. நாலு நாள் அடைபட்டுக் கிடந்த ஆமென் ஆனபடியால் வார்ட்டு முழுக்க அதிர்ந்தது, தாதி ஒருத்தி மருந்துத் தட்டைக் கீழே போட்டாள், நகம் வெட்டப்பட்ட மனுசி, “என்ன பிள்ளை, முடிஞ்சுதோ?” என்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார்.

குணவதி அக்கா நேரே தேவாலயத்துக்கு ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தார். பட்டியலில் முதலாவதாக நின்றது: ‘ஆஸ்பத்திரியில் கவனிப்பாரற்றோருக்கு நகம் வெட்டுதல் – திருமதி குணவதி செல்லையா.’ பின்னேரத்துக்குள் சபை முழுவதும் பலகைக்கு முன்னால் கூடி, மூக்குக்கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, தங்கள் தங்கள் பெயரைத் தேடியது.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. பட்டியலில் செத்துப்போனவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். கலியாணம் கட்டிக் கிளிநொச்சிக்குப் போனவர்கள் இருந்தார்கள். பெயர்கள் எல்லாம் வேறு வேறு மையில், அவரவர் கையால் எழுதியவை, ஆனால் மேலே வருடம் எழுதிய இடத்தில் மட்டும் வெள்ளை மை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, பூசி, தோசைபோலத் தடித்திருந்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பி வந்து, கூரை போட்டு, கண்ணீரோடு முதல் உடன்படிக்கை செய்த வருடம் எழுதிய அதே பட்டியலைத்தான் செயலாளர் பதினொரு வருடமாக, திகதியை மட்டும் திருத்தித் திருத்தி, மேசையில் வைத்திருக்கிறார். கச்சேரியில் அப்படித்தான் செய்வது, ஒரு கோப்புப் போதும். ஊர் அவரைத் திட்டவில்லை, ஏனென்றால் திட்டப்போனால் பதினொரு வருடமாக யாரும் வாசிக்கவில்லை என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

பிறகு நடந்ததை ஊழியம் என்று சொல்வதா, படையெடுப்பு என்று சொல்வதா தெரியாது. பாடகர் குழு முதியோர் இல்லத்துக்குப் போய் ஆறு பாட்டுப் பாடிற்று, முதியோர் மூன்றாவதோடு போதும் என்று சொல்லியும் பாடிற்று. போதகர் றொபின்சன், தனக்கு முந்தின போதகர் ‘எல்லா வீடும் சந்தித்தல்’ என்று எழுதிவைத்துப் போன பாவத்துக்கு, அறுபத்தொரு வீடு ஏறி அறுபத்தொரு தேத்தண்ணி குடித்து, அறுபத்தோராவது கோப்பையின் அடியில் தன் ஆமெனைக் கண்டார். விதவை அருளம்மாவின் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவதற்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் இறைத்த பிறகு மூன்றாவதாக வந்த தியாகராசா, கண்ணாடிபோலக் கிடந்த தண்ணீரைப் பார்த்து அழாக்குறையாகக் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டான், அருளம்மா இரக்கப்பட்டு ஒரு கடகம் பலாச்சருகு அள்ளிக் கிணற்றில் கொட்டிக் கொடுத்தார். கனடாவிலிருந்து வாட்சப் வீடியோவில் ஆராதனைக்குச் சேர்ந்திருந்த ராஜரட்ணம், “இஞ்ச ஸ்நோ கொட்டுது, என்ர ஆமெனும் வரேல்லை, நான் என்ன எழுதினனான் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ,” என்று போன் எடுத்தார். சவக்காலை மதிலுக்கு வெள்ளையடிப்பது என்று சொன்னார்கள். ஆள் வைத்து அடிக்கலாமோ என்று கேட்டார். கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் விமானத்தில் வந்து இறங்கி, குளிர்த்தொப்பியைக் கழற்ற மறந்து வெள்ளையடித்தார்.

ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆமென் வெடித்துக்கொண்டே இருந்தது. வாழைத்தோட்டத்தில் ஒன்று, தபால் கந்தோரில் ஒன்று, கடற்கரையில் இரண்டு. அந்தோனியார் கோயில்காரர், உங்கள் ஆக்கள் எங்கள் கிழவர்களையும் பிடித்து முடிவெட்டுகிறார்கள் என்று முறைப்பாடு கொண்டுவந்தார்கள். ஜெயசிங்கம் ஒவ்வொரு சத்தத்தையும் வீட்டுக்குள் இருந்து கேட்டு, அது யாருடையது என்று கண்டுபிடித்து, விரல் மடக்கிக்கொண்டு வந்தார். மிச்சம் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அவருக்குத் தன் வரி பலகையைப் பார்க்காமலே தெரியும். இருபத்துமூன்றாவது வரி. ‘தர்மசீலனை ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்குக் கூட்டிவந்து, திரும்ப வீட்டில் விடுதல் – செயலாளர் ஜெயசிங்கம்.’

தர்மசீலன் அவருடைய வயதுக்காரர், ஒன்றாகப் படித்தவர், தேவாலயத்தில் ஓகன் வாத்தியம் வாசித்தவர். யுத்தத்தின் கடைசி வருடத்தில் இரண்டு கால்களும் முழங்காலோடு போய்விட்டன. முக்கால் மைல் தள்ளி, தங்கையோடு இருக்கிறார். முதல் உடன்படிக்கை அன்று ஜெயசிங்கம் அழுது அழுது அந்த வரியை எழுதினார். அழுததும் உண்மை, எழுதியதும் உண்மை, போகாததும் உண்மை. அவர் பெயர் பட்டியலில் இருந்தபடியால் வேறு யாரும் போகவில்லை. தர்மசீலன் வராததைப் பார்த்த சபை, அவருக்கு வர விருப்பமில்லை என்று முடிவுகட்டி, அவருக்காக அவ்வப்போது உருக்கமாக ஜெபித்தும் வந்தது.

இரண்டாம் ஞாயிறு ஜெயசிங்கம் ஒரு ஓட்டோவை அனுப்பினார். ஓட்டோ வெறுமையாகத் திரும்பி வந்தது.

“ஐயா சொன்னவர்,” என்றான் ஓட்டோக்காரன், “பட்டியலிலை ஓட்டோ எண்டு எழுதியிருக்கோ எண்டு கேக்கட்டாம்.”

அன்று மத்தியானம் அவர் வெள்ளை மைப் போத்தலோடு பலகையடிக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தன் பெயரின்மேல் பூசினார். பூசியது காயும்வரை நின்று ஊதினார். பிறகு ஆமென் சொல்லிப் பார்த்தார். தும்மல்தான் வந்தது.

வீட்டில் மனைவி புளோரா பலகாரச் சூட்டோடு சூடாக நின்றாள். “இஞ்சாருங்கோ, நூத்து நாப்பத்திரண்டு பேருக்கும் வந்திட்டுது. பிள்ளை கலியாண உடுப்போடை வாசலிலை நிண்டு உங்கட தும்மலைக் கேக்கிறதோ?”

ஷாமினி இரவல் வாங்கிய முக்காட்டைத் தலையில் போட்டுப் பார்த்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளால் தகப்பனைப் பார்த்து, “அப்பா, நீங்கள் அந்த மாமாவைப் பாக்கப் போக ஏன் பயப்பிடுறியள்?” என்று மட்டும் கேட்டாள். பயம் என்று யாரும் அதுவரை அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு காலை அவர் வேட்டி கட்டி, சால்வை போட்டு, ஏழு மணிக்கே நடந்தார். தர்மசீலனின் படலை திறந்திருந்தது. படலைக்கு உள்ளே, சக்கர நாற்காலியில், வெள்ளைச் சட்டை போட்டு, ஷேவ் எடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, மடியில் பாட்டுப் புத்தகத்தோடு தர்மசீலன் இருந்தார். இன்றைக்கு மட்டும் ஆயத்தப்பட்ட ஆள்போல இல்லை.

“வந்திட்டியே,” என்றார். “கொஞ்சம் பிந்திப்போனாய்.”

“மன்னிச்சுக்கொள்ளடா.”

“நீ பேர் எழுதினதுக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு மழை. அது எனக்கும் தெரியும், நானும் இதிலை இருந்து நனைஞ்சனான். ரெண்டாம் ஞாயிறு என்ன?”

“கொழும்பிலையிருந்து மச்சான் வந்து நிண்டவர்.”

“மூண்டாம் ஞாயிறு?”

“வெக்கமாய் இருந்தது.”

“நாலாம்?”

“அதைவிட வெக்கம்.”

“அப்ப நீ ஐந்நூத்துச் சொச்சம் ஞாயிறு வெக்கப்பட்டிருக்கிறாய்,” என்றார் தர்மசீலன். “நான் ஐந்நூத்துச் சொச்சம் தரம் ஷேவ் எடுத்திருக்கிறன். தங்கச்சி சொன்னவள், அவன் வரமாட்டான் அண்ணை, நான் தள்ளிக்கொண்டு போறன் எண்டு. நான் சொன்னன், பேர் எழுதினவன், வருவான். சரி, தள்ளு. பள்ளம் பாத்துத் தள்ளு.”

மணல் ஒழுங்கையில் சக்கரம் புதைந்தது. ஜெயசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார், வியர்வை சால்வையில் ஊறியது, தர்மசீலன் வழியெல்லாம் ஒவ்வொரு மதிலையும் புதிதாகப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். தேவாலயத்துக்கு வந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டது. வாசலில் நாலு படி. படிக்குப் பக்கத்தில் சக்கரம் ஏறச் சரிவு எதுவும் இல்லை, இல்லை என்பதைப் பதினொரு வருடத்தில் அன்றுதான் ஜெயசிங்கம் கண்டார். படிக்கு மேலே, புதுத் தரை ஓடு பதித்த வருடம் அவரே முன்மொழிந்து நிறைவேற்றிய தீர்மானம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது: ‘பாதணிகளுடன் உள்ளே வரவேண்டாம்.’

தர்மசீலன் அதை மெதுவாக, சத்தமாக வாசித்தார். பிறகு தன் காலில்லாத இடத்தையும் சக்கரத்தையும் பார்த்து, “இப்ப நான் எதைக் கழட்டுறது?” என்று கேட்டார்.

ஜெயசிங்கம் சால்வையை எடுத்துக் குந்தியிருந்து, இரண்டு சக்கரத்தையும் மணல் போகத் துடைத்தார். அதைப் பார்த்து நாலு ஆம்பிளைகள் பாட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியைத் தூக்கினார்கள். தர்மசீலன் நேரே ஓகனுக்குப் போகச் சொன்னார். மூடியைத் திறந்தபோது ஒரு எலிக் குடும்பம் இறங்கிப் போனது. விரலை வைத்தார், சத்தம் இல்லை. கால் மிதித்துக் காற்று அடிக்கிற பழைய ஓகன் அது.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, செயலாளர் ஜெயசிங்கம் தரையில் இருந்து, குனிந்து, இரண்டு மிதிகட்டைகளையும் கையால் மாறி மாறி அமத்தினார். முதலில் தூசி வந்தது, பிறகு ஒரு இருமல், பிறகு பாட்டு.

“வேகமாய் அடி,” என்றார் மேலேயிருந்து தர்மசீலன். “இது கச்சேரி இல்லை.”

ஆராதனை முடிந்தது, எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஓகனுக்குக் கீழே இருந்து ஜெயசிங்கமும் வாயைத் திறந்தார். வரவில்லை. திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விட்டுப் படலையடியிலும் வாயைத் திறந்து பார்த்தார். அங்கேயும் வரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன எழுதினனீ?” என்று கேட்டார் தர்மசீலன். “ஒரு ஞாயிறு எண்டோ, ஒவ்வொரு ஞாயிறு எண்டோ?”

“ஒவ்வொரு.”

“அப்ப கலியாணத்துக்கு முந்தி வராது. மூண்டு நாளிலை எத்தினை ஞாயிறு வரும்?”

புதன்கிழமை காலை, மாப்பிள்ளை வீட்டார் தேவாலயத்தில் காத்திருக்க, பெண்வீட்டில் தகப்பனைக் காணவில்லை. புளோரா அழ ஆயத்தமான நேரத்தில், கோட்டு சூட்டு முழுக்க மணலோடு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜெயசிங்கம் வந்தார். புதன்கிழமை தர்மசீலனைக் கூட்டிவரவேண்டும் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. தர்மசீலனும் அன்று ஷேவ் எடுத்திருக்கவில்லை, ஏனென்றால் அன்று யாரையும் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஜெயசிங்கம் மகளின் தலையில் கைவைத்தார். ஜெபித்தார். நல்ல ஜெபம், குறுக்கே எங்கேயும் பேச்சுத் திறமை காட்டவில்லை. முடிவுக்கு வந்தார், வாயைத் திறந்தார், மூடினார். பெண்ணை அழைத்துப்போக வந்து நின்ற போதகர் நான் சொல்லட்டுமோ என்பதுபோல ஒரு அடி முன்னால் வைத்தார். ஜெயசிங்கம் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கையை எடுக்காமலே திரும்பி, “எனக்கு வரேல்லையடா. நீ சொல்லு,” என்றார். ஆமென் ஜெயசிங்கம் தன் சொந்த வீட்டில், சம்பந்திகள் அனுப்பிய ஆட்களுக்கு முன்னால், சொன்னது அதுதான்.

முதல் ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிவரப்படாதபடியால், வல்லிமுனை மெதடிஸ்தக்காரரில் ஆமெனைத் தொலைக்காத ஆள் தர்மசீலன்தான். அவர் அவசரப்படவில்லை. கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் காத்திரு,” என்றார். “நான் இருந்தனான்தானே.”

காத்திருந்தார்கள். முக்காட்டுக்குள் ஷாமினிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தர்மசீலன், சத்தம் போடாமல், பாட்டின் கடைசி ஸ்வரத்தை விடுவதுபோல, ஆமென் என்றார். ஷாமினி வாசற்படியைத் தாண்டினாள்.

தேவாலயத்தில் மகளைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொடுத்த கையோடு, ஜெயசிங்கம் கோட்டைக் கழற்றிவிட்டு ஓகனுக்குக் கீழே போய்விட்டார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா, “அந்த அடியில கிடக்கிற மனிசன் ஆரு?” என்று கேட்டார். பொம்பிளையின் தகப்பன் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் வந்தன. மழை ஞாயிறு வந்தது, மச்சான் வந்து நின்ற ஞாயிறு வந்தது, மச்சானும் சேர்ந்து தள்ளினார். படிக்குப் பக்கத்தில் சரிவு கட்டினார்கள், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார்கள். அடுத்த தைக்குப் புதுத் தாளில் புதுப் பட்டியல் எழுதினார்கள். போன முறையைவிடப் பாதிப் பேர், சின்னச் சின்ன வேலைகள், எல்லோரும் நிறைய யோசித்து, பலர் பென்சிலால்.

ஜெயசிங்கத்தின் ஆமென் வந்தது எந்த ஞாயிறு என்று அவருக்கே தெரியாது. அவர் வாயைத் திறந்து பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். ஒரு நாள் திரும்பி வரும் வழியில், மணலில் புதைந்த சக்கரத்தை ஒரு தம் பிடித்துத் தூக்கி மேட்டில் ஏற்றியபோது, மூச்சோடு மூச்சாக ஏதோ சொன்னார்.

தர்மசீலன் திரும்பிப் பார்த்தார்.

“என்னடா?” என்றார் ஜெயசிங்கம்.

“ஒண்டுமில்லை,” என்றார் தர்மசீலன். “தள்ளு.”